சீரான துளியின் வரலாறு: ஒப்பனைப் பால்மங்களும் நுண்பாய்மத் தொழில்நுட்பமும்

ஆய்வுச்சுருக்கம்

முகப்பூச்சு, கைப்பூச்சு முதலான ஒப்பனைப் பொருள்களில் பெரும்பாலானவை எண்ணெயும் நீரும் ஒன்றனுள் ஒன்று துளிகளாகப் பரவிய பால்மங்கள் ஆகும். நெடுங்காலமாக இவை கடைதல், கலக்குதல், அழுத்திப் பிழிதல் ஆகிய முறைகளில் உருவாக்கப்பட்டன. இம்முறைகளில் பிறக்கும் துளிகள் அளவில் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. 2001ஆம் ஆண்டுக்குப் பின் வளர்ந்த நுண்பாய்மத் தொழில்நுட்பம், துளிகளை ஒவ்வொன்றாக ஒரே அளவில் உருவாக்க வழி செய்தது. இப்புதிய முறை பழைய கடைதல் முறையின் குறைகளை நீக்கி அதன் இடத்தைப் பிடித்தது என்ற பொதுவான கருத்தை இக்கட்டுரை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. ஆய்வுக்கூடம் துளியின் சீர்மையை நாடிய காரணமும், ஒப்பனைத் தொழில் அதனை ஏற்றுக்கொண்ட காரணமும் வேறுவேறானவை என்பதையும், அவ்வேறுபாட்டைத் தீர்மானித்தது உற்பத்தி அளவுக் கணக்கே என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

முதன்மைச் சொற்கள்: பால்மம், சீரளவுத் துளி, நுண்பாய்மவியல், ஒப்பனைப் பொருள், உற்பத்தி வரலாறு.

முன்னுரை

பால்மம் என்னும் தமிழ்க் கலைச்சொல் பாலின் தோற்றத்தைக் கொண்டு அமைந்தது. மேலை மொழிகளில் இதற்கு வழங்கும் சொல்லும் பால் கறத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்ததே. இரு மொழி மரபுகளிலும் பெயருக்குக் காரணமாக நின்றது வெண்மை. இவ்வெண்மை எண்ணெய்க்கும் உரியதன்று, நீருக்கும் உரியதன்று. எண்ணற்ற சிறு துளிகளின் பரப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது அது. ஆகவே ஒரு பால்மத்தின் தோற்றம், தடிமன், நிலைப்பு ஆகிய மூன்றும் அதன் துளிகளின் அளவைச் சார்ந்தே அமைகின்றன.

ஆயினும் துளியின் அளவை மனிதர் தம் விருப்பப்படி அமைக்கத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான். அதுவரை ஒப்பனைத் தொழில் எவ்வாறு இயங்கியது, சீரான துளி கிடைத்தபின் அதனை எதற்குப் பயன்படுத்தியது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. தொழில்நுட்ப வரலாறுகள் பல, பழையதன் குறையைப் புதியது தீர்த்ததாகவே எழுதப்படுகின்றன. ஒப்பனைப் பால்மத்தின் வரலாறு அச்சட்டகத்துள் அடங்குகிறதா என்பதைக் காண்பதே இவ்வாய்வின் நோக்கம்.

1. தேன்மெழுகும் வெண்காரமும்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலனின் பெயரால் ஒரு பூச்சு வழங்கி வருகிறது. தேன்மெழுகை ஆலிவ் எண்ணெயில் உருக்கி, அதனுள் பன்னீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குவது அதன் செய்முறை. தோலில் தடவும்போது அதிலுள்ள நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தருவதால் பின்னாளில் அது ‘கோல்ட் கிரீம்’ எனப்பட்டது. எண்ணெயையும் நீரையும் இணைத்து வைக்கும் வலிமையான பொருள் எதுவும் அதில் இல்லை. எனவே அது நெடுநாள் தாங்கவில்லை. வேண்டும்போது செய்து, விரைவில் பயன்படுத்த வேண்டிய பண்டமாகவே அது நூற்றாண்டுகள் கடந்து வந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்செய்முறையில் வெண்காரம் சேர்ந்தது. தேன்மெழுகில் உள்ள கொழுப்பு அமிலங்களுடன் வெண்காரம் வினைபுரிந்து சோப்பைத் தோற்றுவிக்கிறது. இச்சோப்பு எண்ணெய்க்கும் நீருக்கும் இடைப்பட்ட பரப்பில் தங்கித் துளிகள் ஒன்றிணையாமல் காக்கிறது. அதாவது, பால்மமாக்கி வெளியிலிருந்து சேர்க்கப்படாமல் கலவைக்குள்ளேயே பிறக்கிறது. இம்மாற்றம் கோல்ட் கிரீமைக் கடையில் வைத்து விற்கத்தக்க பண்டமாக்கியது.

அடுத்த திருப்பம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. வேதியியலாளர் ஐசக் லிஃப்ஷுட்ஸ் ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து ‘யூசெரிட்’ என்னும் பால்மமாக்கியை உருவாக்கினார். தன் எடையைக் காட்டிலும் மிகுதியான நீரை எண்ணெய்க்குள் பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஹாம்பர்க் நகரின் பையர்ஸ்டோர்ஃப் நிறுவனத்தை நடத்திய ஓஸ்கார் ட்ரோப்லோவிட்ஸ், தோல் மருத்துவர் பவுல் கெர்சன் உன்னாவின் துணையுடன் இதனைப் பயன்படுத்தி 1911இல் ‘நிவியா’ கிரீமை வெளியிட்டார். பனியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. இங்கும் பண்டத்தின் பெயருக்கு வெண்மையே காரணமாயிற்று.

இம்மூன்று கட்டங்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கேலனின் பூச்சிலிருந்து நிவியா வரை ஏற்பட்ட முன்னேற்றம் முழுவதும் வேதியியல் சார்ந்தது. துளிகளைச் சூழ்ந்து நிற்கும் பொருள் மாறியது. துளிகளை உருவாக்கும் முறையோ பெரும்பாலும் கலக்குதலாகவே நீடித்தது.

2. சீரின்மையோடு வாழ்ந்த தொழில்

துளியளவு ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதை இயற்பியல் முன்பே காட்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் வகுத்த விதியின்படி, பாய்மத்தினுள் ஒரு சிறு கோளம் மேலெழும் அல்லது கீழிறங்கும் வேகம் அதன் ஆரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். 10 மைக்ரோமீட்டர் துளி 1 மைக்ரோமீட்டர் துளியைவிட 100 மடங்கு விரைவாக மேலெழும். அளவில் வேறுபட்ட துளிகள் ஒரே கலவையில் இருந்தால் பெரியவை விரைந்து எழுந்து, வழியில் சிறியவற்றோடு மோதி, மேலே ஏடாகப் படியும்.

மற்றொரு சிதைவு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது. சிறு துளியின் உள்ளழுத்தம் பெருந்துளியினுடையதைவிட அதிகம். ஆகவே சிறு துளியிலுள்ள பொருள் சிறிது சிறிதாக ஊடகத்தில் கரைந்து பெருந்துளியைச் சென்றடைகிறது. வில்ஹெல்ம் ஆஸ்வால்டின் பெயரால் வழங்கும் இந்நிகழ்வில் பெரியவை மேலும் பெருக்க, சிறியவை மறைகின்றன. இதனை இயக்குவது துளிகளுக்கு இடையிலான அளவு வேறுபாடே. எல்லாத் துளிகளும் ஒரே அளவினவாயின் இம்மாற்றம் மிக மெதுவாகவே தொடங்கும்.

இவ்விரு காரணங்களாலும் சீரான துளி ஒப்பனைத் தொழிலின் முதற்பெரும் தேவையாக இருந்திருக்க வேண்டும் எனத் தோன்றலாம். நடந்தது அதுவன்று. தொழில் இச்சிக்கலை வேறு இரு வழிகளில் கடந்தது. ஊடகத்தைத் தடிப்பாக்கித் துளிகளின் நகர்வைத் தடுத்தது முதல் வழி. தகுந்த பால்மமாக்கியைத் தேர்ந்தெடுத்தது இரண்டாம் வழி. இத்தேர்வு நெடுங்காலம் அனுபவத்தைச் சார்ந்திருந்தது. பால்மமாக்கி எந்த நிலைமையில் மிகுதியாகக் கரைகிறதோ அதுவே பிரிகை ஊடகமாகும் என்று வைல்டர் பான்கிராஃப்ட் 1913இல் கூறிய விதி ஒரு வழிகாட்டியாக அமைந்தது. 1949இல் அமெரிக்காவின் அட்லஸ் பவுடர் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் கிரிஃபின் இதனை எண்ணாக மாற்றினார். பால்மமாக்கியின் நீர்நாட்டத்துக்கும் எண்ணெய்நாட்டத்துக்கும் உள்ள சமநிலையை அவர் ஓர் அளவுகோலில் குறித்தார். அவ்வளவுகோலில் 3 முதல் 6 வரையிலானவை எண்ணெயில் நீர்ப் பால்மத்துக்கும், 8 முதல் 18 வரையிலானவை நீரில் எண்ணெய்ப் பால்மத்துக்கும் ஏற்றவை. கிரிஃபினின் கட்டுரை ஒப்பனை வேதியியலாளர் சங்கத்தின் இதழிலேயே வெளியானது. எத்துறையின் தேவையிலிருந்து அவ்வளவுகோல் பிறந்தது என்பதற்கு இது சான்றாகும்.

மேலும், சீரின்மை எல்லா வகையிலும் குறையுமன்று. ஒரே அளவுக் கோளங்களை ஒழுங்கின்றிக் கொட்டினால் அவை மொத்த இடத்தில் ஏறத்தாழ 64 விழுக்காட்டையே நிரப்பும். அளவு வேறுபட்ட கோளங்களாயின் பெரியவற்றின் இடுக்குகளில் சிறியவை அமர்ந்து இன்னும் மிகுதியான இடத்தை நிரப்பும். இதனால் ஒரே அளவு எண்ணெயைக் கொண்ட இரு பால்மங்களில் துளியளவு வேறுபட்டது எளிதில் ஓடும், சீரானது தடித்து நிற்கும். எண்ணெய் மிகுந்த பூச்சொன்றைக் குழாய்வழியே செலுத்திப் புட்டியில் அடைக்க வேண்டிய தொழிற்கூடத்துக்குச் சீரின்மை மறைமுகமாக உதவியே வந்தது.

3. துளி உடைதலின் இயற்பியல்

துளியைச் சிறிதாக்கும் பொறி ஒப்பனைத் தொழிலில் பிறக்கவில்லை. பிரான்சு நாட்டின் ஓகுஸ்த் கொலேன், பாலை உயர் அழுத்தத்தில் குறுகிய இடைவெளி வழியே செலுத்தி அதன் கொழுப்புத் துளிகளை உடைக்கும் பொறிக்கு 1899இல் காப்புரிமை பெற்றார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஹோமோஜினைசர் எனப்படும் இவ்வகைப் பொறி பின்னர் ஒப்பனைத் தொழிலுக்கும் பரவியது. பெயர் ஓரினமாக்குதலைக் குறித்தாலும் இப்பொறி துளிகளைச் சிறிதாக்குகிறதே தவிர ஒரே அளவினவாக ஆக்குவதில்லை.

அதற்கான காரணத்தை ஜெஃப்ரி இங்ராம் டெய்லர் 1932, 1934 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகள் விளக்க உதவுகின்றன. நான்கு உருளைகளைச் சுழற்றி, அவற்றின் நடுவில் தன்மை அறியப்பட்ட ஓர் ஓட்டத்தை உண்டாக்கி, அதில் ஒரே ஒரு துளி எவ்வாறு நீண்டு உடைகிறது என்பதை அவர் கண்டார். பாயும் ஊடகம் துளியை இழுக்கிறது. இடைமுக இழுவிசை அதனை உருண்டையாகத் தக்கவைக்க முயல்கிறது. இவ்விரண்டின் விகிதமே இன்று நுண்புழை எண் எனப்படுகிறது. அவ்விகிதம் ஒரு வரம்பைக் கடக்கும்போது துளி உடைகிறது. துளியின் பாகுநிலை ஊடகத்தினுடையதைப் போல் ஏறத்தாழ 4 மடங்குக்கு மேல் இருந்தால் எளிய சறுக்கு ஓட்டத்தில் அதனை உடைக்கவே இயலாது என்பதைப் பின்னாளில் ஹெரால்ட் கிரேஸின் சோதனைகள் காட்டின.

கலக்கும் தொட்டியில் ஓட்டம் எங்கும் ஒன்றாக இல்லை. சுழலித் தகட்டின் விளிம்பில் விசை மிகுதி, தொட்டியின் சுவரருகே குறைவு. ஒவ்வொரு துளியும் வெவ்வேறு ஓட்டத்தை வெவ்வேறு நேரம் அனுபவிக்கிறது. எனவே துளியளவின் வேறுபாடு கலக்குபவரின் கவனக்குறைவால் வருவதன்று. அது அம்முறையின் இயல்பிலேயே அடங்கியது. டெய்லரின் சோதனை இதற்கு நேர்மாறானது: ஒரு துளி, ஓர் ஓட்டம், அறியப்பட்ட விசை. எழுபது ஆண்டுகள் கழித்து நுண்பாய்மவியல் செய்ததும் சாரத்தில் இதுவே. டெய்லர் அளவிடுவதற்காக உருவாக்கிய நிலைமையை அது உற்பத்திக்கான நிலைமையாக மாற்றியது.

4. சீர்மையை நோக்கிய முதல் வழிகள்

சீரளவுப் பால்மத்தை முதலில் நாடியவர்கள் இயற்பியல் ஆய்வாளர்கள். துளிகள் அளவில் வேறுபட்டால் ஒளிச்சிதறல், பாய்வு, முதிர்வு ஆகியவற்றின் அளவீடுகளைக் கோட்பாட்டோடு ஒப்பிடுவது கடினம். 1991இல் ஜெரோம் பிபெட் இதற்கு ஒரு வழி கண்டார். ஊடகத்தில் மிகுதியான பால்மமாக்கியைச் சேர்த்தால் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட துளிகள் மட்டும் ஒன்றையொன்று ஈர்த்துத் திரளும். திரண்டவற்றைப் பிரித்து, எஞ்சியதை மீண்டும் அவ்வாறே செய்தால் படிப்படியாகச் சீரான துளிகள் கிடைக்கும். இது சலித்துப் பிரிப்பதை ஒத்தது. சீரான துளிகள் இங்கு உருவாக்கப்படவில்லை, தெரிந்தெடுக்கப்பட்டன. 1996இல் பிபெட்டும் தாமஸ் மேசனும் மீள்தன்மையும் பாகுநிலையும் ஒருங்கே உடைய ஊடகத்தில் பால்மத்தைச் சீராகச் சறுக்கினால் நேரடியாகவே சீரளவுத் துளிகள் பிறப்பதைக் காட்டினர்.

ஜப்பானில் வேறொரு மரபு வளர்ந்தது. கியூஷு தீவின் தென்பகுதியில் ‘ஷிராசு’ என்னும் எரிமலைச் சாம்பல் படிவுகள் மிகுதி. அதிலிருந்து ஒரே அளவு நுண்துளைகள் கொண்ட கண்ணாடியை மியாசாகியில் நகாஷிமாவும் அவருடைய குழுவினரும் 1980களில் உருவாக்கினர். இக்கண்ணாடிச் சவ்வு வழியே எண்ணெயை நீருக்குள் மெல்ல அழுத்தினால், துளைவிட்டத்தைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு விட்டமுள்ள துளிகள் வெளிவருகின்றன. பெருந்துளியை உடைத்துச் சிறிதாக்கும் வழக்கத்துக்கு மாறாகத் துளி தொடக்கத்திலேயே தன் அளவில் பிறக்கிறது. 1997இல் சுகுபா நகரின் தேசிய உணவு ஆய்வு நிறுவனத்தில் மிட்சுதோஷி நகாஜிமாவின் குழுவினர் சிலிக்கான் தகட்டில் செதுக்கிய நுண்தடங்கள் வழியே இதனையே செய்து, ஒவ்வொரு துளியும் பிறப்பதை நுண்ணோக்கியில் நேரில் கண்டனர். இதனை நுண்பாய்மவியல் வரலாற்றின் முன்னுரையாகக் கருதலாம். ஆயினும் அமெரிக்க ஆய்வுக்கூடங்களிலிருந்து தொடங்கும் வழக்கமான வரலாறுகளில் உணவுத்துறை சார்ந்த இப்பணி உரிய இடம் பெறுவதில்லை.

5. நுண்தடத்தில் பிறக்கும் துளி

1990களின் இறுதியில் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினர் வளர்த்த மென் அச்சுமுறை, தலைமுடியின் தடிமனை ஒத்த தடங்களைப் பாலிடைமெத்தில்சிலாக்சேன் என்னும் மென்மையான சிலிக்கோன் இரப்பரில் சில நாட்களுக்குள் வார்க்க வழி செய்தது. 2001இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டாட் தோர்சன், ஸ்டீவன் குவேக் முதலியோர் ‘டி’ வடிவச் சந்தியில் எண்ணெயோட்டத்துக்குள் நீரைச் செலுத்திச் சீரான துளிகளைப் பெற்றனர். 2002இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நிசிசாகோ, தொரி, ஹிகுச்சி ஆகியோர் இதனையொத்த முடிவை வெளியிட்டனர். செவில் பல்கலைக்கழகத்தின் அல்ஃபோன்சோ கான்யான்-கால்வோ 1998இல் அறிமுகப்படுத்திய பாய்வுக் குவிப்பு முறையை ஷெல்லி அன்னா, ஹோவர்ட் ஸ்டோன் முதலியோர் 2003இல் நுண்தடத்துக்குள் கொண்டுவந்தனர். இம்முறையில் நடுவில் வரும் பாய்மத்தை இருபுறமும் வரும் பாய்மம் ஒரு குறுகிய வாயில் நெருக்கித் துளித்துளியாகத் துண்டிக்கிறது.

துளி எதனால் துண்டாகிறது என்பதில் ஒரு கருத்து மாற்றம் நிகழ்ந்தது. தோர்சன் குழுவினர் டெய்லரின் வழியில் சறுக்கு விசையைக் கொண்டே அதனை விளக்கினர். 2006இல் பியோத்ர் கார்ஸ்டெட்ஸ்கி முதலியோர் மெதுவான ஓட்டத்தில் விளக்கம் வேறு எனக் காட்டினர். வளரும் துளி தடத்தை அடைத்துக்கொள்கிறது. பின்னால் வரும் ஊடகத்தின் அழுத்தம் ஏறி, துளியின் கழுத்தை நெரித்துத் துண்டிக்கிறது. ஆகவே துளியின் நீளம் பாகுநிலையையோ இழுவிசையையோ பெரிதும் சாராமல், தடத்தின் அகலத்தையும் இரு ஓட்டங்களின் விகிதத்தையும் சார்ந்து அமைகிறது. இவ்விளக்கத்தின் வரலாற்றுப் பொருள் பெரிது. தொட்டியில் துளியின் அளவைத் தீர்மானித்தது பொருளின் வேதியியலும் கொந்தளிப்பும். நுண்தடத்தில் அதனைத் தீர்மானிப்பது வடிவியல். துளியளவின் வேறுபாட்டைக் குறிக்கும் மாறுபாட்டுக் கெழு தொட்டியில் பல பத்து விழுக்காடாக இருக்க, நுண்தடத்தில் அது 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது.

ஒப்பனைத் தேவைக்கு இச்சிலிக்கோன் சில்லுகள் அப்படியே பொருந்தவில்லை. அப்பொருள் நீரை விலக்குவது. ஆதலால் அதன் தடங்களில் எண்ணெயில் நீர்த்துளிகள் எளிதில் உருவாகும். நீரில் எண்ணெய்த் துளிகளைப் பெறச் சுவரை நீர்நாட்டமுடையதாக மாற்ற வேண்டும். மேலும், பூச்சுகளில் பரவலாகப் பயன்படும் டைமெத்திகோன், சில்லு செய்யப்பட்ட பாலிடைமெத்தில்சிலாக்சேனே ஆகும். இனம் இனத்தை ஈர்ப்பதுபோல் அவ்வெண்ணெயைச் சுவர் உறிஞ்சி உப்பிவிடும். 2005இல் ஆண்ட்ரூ உடாடா, டேவிட் வைட்ஸ் முதலியோர் கண்ணாடி நுண்குழாய்களை ஒன்றனுள் ஒன்று செருகி அமைத்த கருவி இத்தடைகளைக் கடந்தது. துளிக்குள் துளியாக அமைந்த இரட்டைப் பால்மத்தையும் அது ஒரே படியில் சீராக உருவாக்கியது. உள்ளே ஒரு பொருள், சுற்றிலும் ஒரு மெல்லிய ஓடு என்னும் அமைப்புக்கு இது வழி திறந்தது.

6. உற்பத்தி அளவுக் கணக்கு

ஆய்வுக்கூட வெற்றி தொழிற்கூடத்தை அடைவதற்கு இடையில் ஓர் எளிய கணக்கு நின்றது. 100 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியின் கனஅளவு ஏறத்தாழ 0.52 நானோலிட்டர். ஒரு சந்தி நொடிக்கு 1,000 துளிகளைத் தருவதாகக் கொண்டால் ஒரு மணி நேரத்தில் கிடைப்பது 1.9 மில்லிலிட்டர் மட்டுமே. ஒரு நாள் முழுவதும் இயங்கினாலும் 50 மில்லிலிட்டர் புட்டி ஒன்று நிறையாது.

வழக்கமான முகப்பூச்சின் துளிகள் இதனினும் மிகச் சிறியவை. 5 மைக்ரோமீட்டர் துளிகளாக 10 மில்லிலிட்டர் எண்ணெயைக் கொண்ட ஒரு 50 மில்லிலிட்டர் புட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஏறத்தாழ 15,000 கோடி துளிகள் இருக்கும். நொடிக்கு 1,000 துளிகள் என்னும் வேகத்தில் அவ்வொரு புட்டிக்கு ஏறத்தாழ 5 ஆண்டுகள் ஆகும். கலக்கும் தொட்டியோ டன் கணக்கான பூச்சைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

இதற்குத் தீர்வாகச் சந்திகளின் எண்ணிக்கையைப் பெருக்கும் முயற்சிகள் தொடங்கின. 2008இல் நிசிசாகோவும் தொரியும் நூற்றுக்கும் மேற்பட்ட துளியாக்க அலகுகளை ஒரே சில்லில் வட்டமாக அடுக்கினர். 2012இல் மார்க் ரோமனோவ்ஸ்கி, வைட்ஸ் முதலியோர் 15 அலகுகளை இணைத்து நாளொன்றுக்கு 1 கிலோகிராமுக்கு மேல் இரட்டைப் பால்மத் துளிகளைப் பெற்றனர். 2016இல் எஸ்தர் ஆம்ஸ்டாட் முதலியோர் 500க்கும் மேற்பட்ட வாய்கள் வரிசையாக அமைந்த கருவியொன்றை வெளியிட்டு, அதன் தோற்றம் கருதி மரவட்டையின் பெயரை அதற்கு இட்டனர். 20 முதல் 160 மைக்ரோமீட்டர் வரையிலான துளிகளை மணிக்கு 150 மில்லிலிட்டர் வரை அது தந்தது. துளி தானாகவே துண்டாகும் படிக்கட்டு வடிவ வாய்களைப் பயன்படுத்தியதால் ஓட்டத்தின் ஏற்ற இறக்கம் துளியளவைப் பெரிதும் பாதிக்கவில்லை. சுகுபாவின் நுண்தடக் கருத்து இங்கே மீண்டும் உயிர் பெற்றது.

பெருக்குதலுக்கும் ஓர் எல்லை உண்டு. பொதுவான ஒரு கால்வாயிலிருந்து பல கிளைகள் நீர் பெறும்போது ஒரு கிளை அடைபட்டால் மற்றக் கிளைகளின் ஓட்டம் மாறும். ஒரு தூசு ஒரு தடத்தை மட்டும் நிறுத்துவதில்லை, அண்டைத் தடங்களின் சீர்மையையும் குலைக்கிறது. தொட்டிக்கு இத்தகைய நுண்ணிய இடர் எதுவுமில்லை.

7. தொழில் ஏற்றுக்கொண்ட சீர்மை

கணக்கு ஒரு திசையில் கதவை அடைத்தாலும் மறு திசையில் திறந்து வைத்தது. துளியின் கனஅளவு விட்டத்தின் மும்மடியாக உயர்கிறது. 1 மில்லிமீட்டர் துளி 100 மைக்ரோமீட்டர் துளியைவிட 1,000 மடங்கு பெரியது. ஆகவே நொடிக்கு 10 பெருந்துளிகள் விழுந்தாலே முன்னர்க் கண்ட வேகத்தைப் போல் 10 மடங்கு பொருள் கிடைக்கும். 30 மில்லிலிட்டர் புட்டியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் இத்தகைய துளிகள் எனக் கொண்டால் தேவைப்படுவன ஏறத்தாழ 5,700 துளிகள். ஒரே ஒரு வாய் அதனைப் பத்து நிமிடத்துக்குள் தந்துவிடும். துளி பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருக்கும் பண்டத்துக்கு மட்டுமே துளித்துளியான உற்பத்தி கட்டுபடியாகும் என்பது இதன் பொருள்.

தொழில் சென்ற திசை இதுவே. 2008இல் பிரான்சின் மார்சேய் நகரில் செபாஸ்தியன் பார்தோன் ‘கப்சும்’ நிறுவனத்தைத் தொடங்கினார். சீரளவுப் பால்ம ஆய்வின் முன்னோடிகளான பிபெட்டும் வைட்ஸும் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றனர். 2010களின் நடுவில் ஷானெல் நிறுவனம் நுண்பாய்ம முறையால் ஆனது என்று அறிவித்து வெளியிட்ட ‘ஹைட்ரா பியூட்டி மைக்ரோ சீரம்’ இந்நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் பிறந்தது. கேமிலியா மலர்ச் சாரம் அடங்கிய துளிகள் தெளிந்த கூழில் தனித்தனியே மிதப்பதை அப்புட்டியில் கண்ணால் காணலாம்.

இத்துளிகளை நிலைநிறுத்தும் வழியும் புதிது. எண்ணெயில் நேர்மின்சுமை ஏற்கும் அமோடைமெத்திகோனும், நீரில் எதிர்மின்சுமை கொண்ட கார்போமரும் கரைந்துள்ளன. துளி பிறக்கும் கணத்தில் அதன் பரப்பில் இவ்விரண்டும் சந்தித்து மிக மெல்லிய சவ்வாகப் படிகின்றன. வழக்கமான பால்மமாக்கி இதற்குத் தேவையில்லை. துளி மேலெழாமல் இருப்பதற்குக் காரணம் கார்போமர் கூழின் மற்றொரு பண்பு. ஒரு குறைந்தபட்ச விசையைத் தாண்டினால் மட்டுமே அக்கூழ் ஓடத் தொடங்கும். 1 மில்லிமீட்டர் எண்ணெய்த்துளியின் மிதப்புவிசை அவ்வரம்பைத் தாண்டுவதில்லை. விரலின் அழுத்தமோ எளிதில் தாண்டிச் சவ்வை உடைக்கிறது.

இங்கே தொட்டியால் செய்ய இயலாதது எது என்பதைக் கருத வேண்டும். 1 மில்லிமீட்டர் துளிகள் கலக்கும் தகட்டின் விசைக்கு முன் நில்லாமல் சிதறி, கலவையை வெண்மையாக்கிவிடும். மென்மையாகக் கலக்கினால் பெரிதும் சிறிதுமாக நின்று பார்வைக்கு ஒழுங்கற்றுத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத 5 மைக்ரோமீட்டர் துளிகளில் அளவு வேறுபாட்டை வாங்குபவர் அறியார். கண்ணுக்குத் தெரியும் துளிகளில் அதே வேறுபாடு உடனே குறையாகப் படும். ஆகவே சீர்மை இங்கு நிலைப்புக்கான இயற்பியல் நிபந்தனையாக மட்டுமன்றி, பண்டத்தின் தோற்றமாகவும் விலையாகவும் மாறியது. பிபெட் 1991இல் அளவீட்டின் தூய்மைக்காக நாடிய சீர்மை, இருபது ஆண்டுகளுக்குப் பின் காட்சியின் தூய்மைக்காகப் பயன்பட்டது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, ஒப்பனைத் தொழில் சீரான துளிக்காகக் காத்திருக்கவில்லை. வெண்காரம், யூசெரிட், கிரிஃபினின் அளவுகோல் ஆகியவற்றின் துணையால் அது சீரின்மையோடு வாழக் கற்றுக்கொண்டது; எண்ணெய் மிகுந்த பூச்சுகளில் அச்சீரின்மையால் பயனும் அடைந்தது. இரண்டாவது, சீர்மைக்கான தேடல் இயற்பியல் ஆய்விலிருந்தும் உணவு ஆய்விலிருந்தும் எழுந்தது. ஒப்பனைத் துறை அதன் பயனைப் பின்னர்ப் பெற்றுக்கொண்டது. மூன்றாவது, அவ்வாறு பெற்றபோது எந்த அளவுத் துளிக்கு அதனைப் பயன்படுத்துவது என்பதை விட்டத்தின் மும்மடிக் கணக்குத் தீர்மானித்தது. அன்றாடப் பூச்சின் நுண்துளிகள் இன்றும் தொட்டியிலும் ஹோமோஜினைசரிலுமே பிறக்கின்றன. நுண்பாய்மம் அவற்றின் இடத்தைப் பிடிக்கவில்லை. அது முன்னர் இல்லாத ஒரு பண்ட வகையை உண்டாக்கியது.

ஆதலால் இவ்விரு முறைகளையும் முதிராதது, முதிர்ந்தது என வரிசைப்படுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவ்வரிசையை ஏற்றால் தேன்மெழுகும் வெண்காரமும் தீர்த்துவைத்த சிக்கல்களும், சுகுபாவிலும் மியாசாகியிலும் நிகழ்ந்த பணிகளும் பார்வையிலிருந்து மறையும். பால்மம் என்னும் பெயர் அதன் வெண்மையால் வந்தது. நுண்பாய்மம் ஒப்பனைத் தொழிலுக்கு அளித்த பால்மத்திலோ வெண்மை இல்லை. தெளிந்த கூழில் துளிகள் ஒவ்வொன்றாக எண்ணத்தக்கவாறு நிற்கின்றன. ஒரே கலைச்சொல்லால் குறிக்கப்படும் இவ்விரு பண்டங்களின் வரலாற்றையும் தனித்தனியே எழுதிப் பார்ப்பது, ஒப்பனைத் தொழில்நுட்ப வரலாற்றில் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.